அம்மா யார் என்று சொன்ன புள்ளிகள்

குழலக்கா வாயில் ரப்பர் குழாய் இருக்கும்போது யாரும் அவளுக்குச் சிரிப்பு மூட்டக் கூடாது. அந்தக் கரு ஆய்வகத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படாத சட்டம் அது. எழுதி ஒட்டிய சட்டங்களைக் காற்றில் பறக்கவிடுகிறவர்கள்கூட இதை மீறுவதில்லை.

ஒரே ஒருமுறை, எலிகளைப் பராமரிக்கும் எலிவீட்டு அண்ணன் மீறினார். புதிதாக வந்த மேலதிகாரி, தள்ள வேண்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று கோபமாக வீட்டுக்கே திரும்பிப் போன கதையை அவர் சொல்ல, குழலக்கா மூக்கால் சிரித்தாள். குழாயின் மறுமுனையில் இருந்த பதினோரு எலிக் கருக்கள் குமிழிகளோடு தட்டில் சிதறின. பத்தைத் தேடிப் பிடித்தாள். பதினோராவது இன்று வரை கிடைக்கவில்லை.

“அது எங்கேயாவது வளர்ந்து பெரிசாகி நல்ல வேலையில இருக்கும், கவலைப்படாதே தங்கச்சி” என்பார் அண்ணன்.

அவளுடைய வேலை மூச்சு வேலை. மெல்லிய கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி, சிவந்ததும் வெளியே எடுத்து, இரண்டு கையாலும் சட்டென்று இழுப்பாள். நடுவில் அது தலைமுடியைவிடச் சற்றே தடித்த இழையாக நீளும். சரியான இடத்தில் ஒடித்தால், ஒரு கரு நெருக்கமில்லாமல் நுழையும் அளவுக்கு ஒரு வாய் கிடைக்கும். அதன் மறுமுனையில் ரப்பர் குழாய், ரப்பர் குழாயின் முனை அவள் பற்களுக்கு இடையில். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, நாக்கு நுனியால் மூச்சை அடக்கி, எண்ணெய்க்கு அடியில் நிற்கும் ஒரு துளியிலிருந்து இன்னொரு துளிக்குக் கருக்களை வரிசையாகக் கொண்டுபோய் வைப்பாள். உறிஞ்சுவதும் இல்லை, ஊதுவதும் இல்லை. மூச்சு விடலாமா என்று யோசித்தால் போதும், கரு நகர்ந்துவிடும் என்பாள். சளி பிடித்தால் விடுப்பு. அதை மட்டும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். விளம்பரத்தைப் பார்த்து நேர்காணலுக்கு வந்தபோது, ஆய்வகத் தலைவியான மேடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு குழாயைக் கையில் கொடுத்து, பத்துக் கருக்களை அடுத்த துளிக்கு மாற்றச் சொன்னார். அவளுக்கு முன்னால் வந்த பட்டதாரி மூன்றைத் தொலைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தார். அவள் பத்தையும் வைத்துவிட்டு, “இதுல ஒண்ணு உயிரோட இல்லை, எடுத்துடவா?” என்று கேட்டாள். மேடம் எட்டிப் பார்த்தார். பிறகு, “எப்போ சேர்றீங்க?” என்றார். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் மகள் ஏதோ எலி ஆபீஸில் இருக்கிறாள் என்பதற்கு மேல் இன்றுவரை எதுவும் பிடிபடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் புள்ளித் தம்பி அவள் மேஜைக்கு வந்து நின்றான். டாக்டர் பட்டம் வாங்கியவன், முப்பது வயது. கருக்களின் டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவியிலிருந்து வருவதைத் திரையில் புள்ளிகளாக வரைவது அவன் வேலை. டி.என்.ஏ. இழையில் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறி உட்கார்ந்திருக்கும் இடம் நிரம்பிய புள்ளி. இல்லாத இடம் வெறும் வட்டம். அந்தக் குறியைக் காக்கும் ஓர் என்சைம் தாயிடம் இல்லாவிட்டால் கருவில் குறி தொலைகிறதா என்பதுதான் இப்போதைய சோதனை.

அவள் வாயிலிருந்து குழாயை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு அவன் சொன்னான்: “முடிஞ்சுதுக்கா. ஒண்ணும் இல்லை. எல்லாக் கருவிலயும் குறி அப்படியே இருக்கு. என்சைம் இல்லாத அம்மா, இருக்கிற அம்மா, ரெண்டுக்கும் வித்தியாசமே இல்லை. வியாழக்கிழமை மீட்டிங்ல சொல்லிடப் போறேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, வெள்ளிக்கிழமை என்சைம் இல்லாத அந்தக் கறுப்பு எலிக் கூண்டெல்லாம் காலி பண்ணிடுவாங்க. பக்கத்து குரூப் ஆறு மாசமா இடம் கேட்டுக்கிட்டிருக்காங்களே.”

அந்தக் கறுப்பு எலிகளின் வம்சத்தைப் பன்னிரண்டு வருடமாகக் காப்பாற்றி வந்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒருமுறை கலைத்துவிட்டால் திரும்ப உருவாக்க இரண்டு வருடமாவது ஆகும். யாரும் அதற்கு முன்வரமாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“ஒண்ணுகூடவா வித்தியாசமா இல்லை?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “அஞ்சு கரு மட்டும் ஒரு மாதிரி வந்துச்சு. குறி பாதிக்குப் பாதி காணோம். அது கெட்டுப்போன சாம்பிள்கா. ஒதுக்கி வெச்சுட்டேன்.”

“கெட்டுப்போனதுன்னா?”

“கை தவறுறது சகஜம்தானே. துளி காய்ஞ்சிருக்கலாம், குழாய் சரியா…”

“என் கையில கெடாது தம்பி.” அவள் குரலை உயர்த்தவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னாள். “அந்த அஞ்சோட நம்பர் குடுங்க.”

அவளுடைய நோட்டில் பன்னிரண்டு வருடத்துக் கருக்கள் அனைத்துக்கும் வரி உண்டு. எலி வீடு தெருவுக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடம். அங்கிருந்து எலிவீட்டு அண்ணன் தாய் எலிகளின் சினைக்குழாய்களைச் சின்னக் குப்பிகளில் போட்டு, சூடு குறையாத பெட்டியில் வைத்துத் தெருவைத் தாண்டிக் கொண்டுவருவார். ஒரு குப்பி என்றால் ஒரு தாய். குப்பியின் மேல் எண் மட்டும் இருக்கும். தாயை அவள் பார்ப்பதில்லை. குப்பியைத் திறந்ததும் எத்தனை கரு என்று எண்ணி எழுதுவாள்.

ஐந்தும் ஒரே குப்பியிலிருந்து வந்தவை. முறையைச் சரிபார்க்க அதிலிருந்து அந்த ஐந்தை மட்டும்தான் கருவிக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தச் சோதனையின் முதல் குப்பி. தங்கையின் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போவதற்கு முந்தின நாள் அவள் பிரித்தது. எதிரே, அவள் கையெழுத்தில்: இருபத்திரண்டு.

விரலை அந்த வரியிலிருந்து கீழே இறக்கினாள். விடுப்பு முடிந்து வந்த பிறகு பிரித்த குப்பிகள்: ஒன்பது, எட்டு, பத்து, எட்டு, ஏழு. அப்போதே கவனித்திருந்தாள். முட்டை நிறைய வர எலிகளுக்குப் போடும் ஊசி மருந்து பழசாகியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டாள். இப்போது பக்கத்துப் பத்தியைப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணக் கறுப்புத் தாய்களின் குப்பிகள்: இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்து நான்கு.

அதே மருந்து. அதே நாள். அதே ஊசி.

என்சைம் இல்லாத கறுப்புத் தாய்கள் முட்டையில் குறை வைத்ததே இல்லை. அவற்றின் கோளாறு எண்ணிக்கையில் இல்லை, உள்ளே இருக்க வேண்டியது இல்லாததில். ஏழும் எட்டும் போடுகிற தாய்கள் எலி வீட்டில் வேறு யாரென்று யோசித்தாள். அந்தச் சின்னப் பழுப்பு எலிகள். கூண்டைத் திறந்தால் தோள்மேல் தாவும் பிசாசுகள். இந்தச் சோதனையில் அவற்றுக்கு அப்பா வேஷம்தான். அம்மா வேஷம் கறுப்புக்கு.

நோட்டை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

எலிவீட்டு அண்ணன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கழுவிய தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் பேசாமல் இருந்தால் அவருக்குத் தொண்டை வறண்டுவிடும்.

“வா தங்கச்சி. குழாய் இல்லாம வந்திருக்கே, இன்னிக்கு சிரிக்கலாமா?”

“அண்ணே, நான் லீவ்ல போனப்போ கறுப்புல யாரை அம்மாவா போட்டீங்க?”

“என்சைம் இல்லாத கூட்டத்துலயா? அதை ஏன் கேக்குறே. பொம்பளை எலி மொத்தமே நாலுதான் இருந்துச்சு. அந்த அம்மாங்களுக்குக் குட்டி தங்காதே, சுத்தி வளைச்சுல்ல உண்டாக்க வேண்டியிருக்கு. ஆளுக்கு ஆள் அவசரம். யோசிச்சுப் பார்த்தேன். ஆம்பளை ஒண்ணு போதும், பத்துப் பேருக்கு ஆகும். கறுப்பை அப்பாவாக்கி, பழுப்பை அம்மாவாக்கிட்டேன்.” அவர் முகத்தில் பெருமை. “ஒரு வாரம்கூட குப்பி நிக்கல பாரு. அதையே தொடர்ந்துட்டேன்.”

அவள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். “யாரைக் கேட்டு அண்ணே மாத்துனீங்க?”

“நீதானே சொன்னே?”

“நானா?”

“போன வருஷம். அந்த வால் குட்டையா வர்ற எலிக்கு, எது அம்மா எது அப்பான்னு நான் கேட்டேன். ‘எந்தப் பக்கம் போட்டாலும் குட்டி ஒண்ணுதான் அண்ணே, இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதீங்க’ன்னே. இங்கதான், இதே முக்காலியிலதான் உக்காந்திருந்தே.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது உண்மைதான். அந்த எலிக்கு அது சரியான பதிலும்தான். பெரும்பாலான மரபணுக்களுக்கு அதுதான் பதில். அம்மா கொடுத்தாலும் அப்பா கொடுத்தாலும் குட்டியிடம் சேர்வது ஒன்றே. இந்தக் கறுப்பு எலி ஒன்றுதான் அந்தப் பதிலுக்கு அடங்காதது. அதிலும் குட்டியைச் சோதித்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. இந்தப் பக்கம் போட்டாலும் அந்தப் பக்கம் போட்டாலும் குட்டியின் டி.என்.ஏ.வில் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. எந்தப் பரிசோதனைக்கும் சிக்காத தப்பு.

“எந்த வாரத்துலேர்ந்து மாத்துனீங்கன்னு அட்டை இருக்கா?”

“கூண்டு கழுவுறப்போ பழைய அட்டையைக் கிழிச்சுடுவோமே.” அவர் முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது. “ஏம்மா, தப்பாயிடுச்சா?”

“ஆயிடுச்சு. ஆனா உங்க தப்பு பாதிதான்.”

புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் மாடிப்படிக்கு எதிரே உட்கார்ந்து மகளின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார்.

“எனக்கு முதல்லேர்ந்து சொல்லு. அந்த என்சைம் என்ன பண்ணுது?”

“குழந்தை உண்டான முதல் ரெண்டு மூணு நாள்ல, அம்மா டி.என்.ஏ. அப்பா டி.என்.ஏ. ரெண்டுலயும் இருக்கிற குறியை எல்லாம் கருவே துடைச்சுடும். ஸ்லேட்டைத் துடைக்கிற மாதிரி. ஆனா சில இடத்துல மட்டும் துடைக்கக் கூடாது. இது அம்மாகிட்டேர்ந்து வந்தது, இது அப்பாகிட்டேர்ந்து வந்ததுன்னு அடையாளம் சொல்ற குறி அதெல்லாம். அது போச்சுன்னா குட்டி பொழைக்காது.”

“அப்போ அதுக்கு ஒரு காவலாளி வேணும்.”

“காவலாளி இல்லை, நகல் எடுக்கிறவன். செல் ஒண்ணு ரெண்டா பிரியும்போது இழையும் ரெண்டாகும். புது இழையில குறி இருக்காது. பழசைப் பார்த்துப் புதுசுல வெக்கணும். அதுக்குத்தான் அந்த என்சைம். கருவால அதை அப்போ போதுமான அளவு செஞ்சுக்க முடியாது. அம்மா முட்டைக்குள்ளேயே சேர்த்து வெச்சு அனுப்புறா.”

“ஊருக்குப் போறப்போ கட்டிக் குடுக்கிற சாப்பாடு மாதிரி.”

“அதேதான். அம்மா கட்டிக் குடுக்கலேன்னா, எட்டு செல் ஆகும்போது பாதிக் குறி காணாமப் போயிடும். பின்னாடி கர்ப்பப்பையில ஒட்டினப்புறம் புதுசா எழுதுற என்சைம் வேற வரும். ஆனா எது யாருதுன்னு அதுங்களுக்குத் தெரியாது.”

அவர் சங்கிலியைச் சுற்றிப் பார்த்தார். “அப்பா பக்கம் அந்த என்சைம் இல்லேன்னா?”

“ஒண்ணும் ஆகாது. அப்பா சாப்பாடு கட்டுறதில்லை.”

“சொல்லிக் காட்டாதே. போன வாரம் நான்தானே டிபன் கட்டினேன்?” என்றார். பிறகு, “நாளைக்கு எப்படிச் சொல்லப்போறே? அண்ணன் மேல போட்டுடலாம். அவர்தானே மாத்தினார்.”

“போடலாம். கேட்டவங்க நம்பவும் செய்வாங்க. ஆனா என் வாயிலேர்ந்து வந்ததுங்க.” அவளுக்கு அதில் பெரிய குழப்பம் இருக்கவில்லை. அவளை அரித்தது வேறு. அண்ணனின் ஞாபகத்தை மட்டும் நம்பி ஒரு வம்சத்தைக் காப்பாற்ற முடியாது. எந்தக் குப்பி எந்தத் தாய் என்பதற்கு அட்டை இல்லை. மேடம் வாய்ப்பேச்சை ஏற்கிறவர் இல்லை. பக்கத்து குரூப்காரர்கள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூண்டுகளோடு வந்து நிற்பார்கள்.

மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தாள். “அம்மா, என் மூக்கு யாரு மாதிரி?”

“அப்பா மாதிரி. ஏன்?”

“கண்ணாடியில பார்த்தாலே தெரியுது. சும்மா கேட்டேன்.”

குழலக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாலே தெரியும். யார் அம்மா, யார் அப்பா என்று சொல்லும் குறியைத்தானே மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் குறியைத் தவிர வேறு யாரிடம் சாட்சி கேட்பது?

வியாழக்கிழமை மீட்டிங் அறையில் ஆறு நாற்காலிகள், ஒரு திரை, நின்றுபோன ஒரு சுவர்க் கடிகாரம். புள்ளித் தம்பி நாற்பத்தொரு கருக்களின் வரிசைகளைத் திரையில் போட்டான். ஒவ்வொன்றிலும் பாதி நிரம்பிய புள்ளி, பாதி வெறும் வட்டம்.

“அம்மாகிட்டேர்ந்து வந்த இழையில மட்டும் குறி இருக்கணும், அப்பா இழையில இருக்கக் கூடாது. அப்போ பாதிக்குப் பாதி. இருக்கு. குறி தொலைஞ்சிருந்தா கால்வாசிதான் நிக்கணும். அப்படி வந்த அஞ்சும் கெட்டுப்போன சாம்பிள்” என்று முடித்தான்.

மேடம் பேனாவை மூடினார். பேனாவை மூடினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றாள் குழலக்கா. பன்னிரண்டு வருடத்தில் அந்த அறையில் அவளாகப் பேச்செடுத்தது இரண்டோ மூன்றோ முறைதான். எல்லோரும் திரும்பினார்கள். “அந்த அஞ்சும் கெட்டுப்போகல. மத்த நாப்பத்தியொண்ணுதான் தப்பு. அதுல அம்மாவும் அப்பாவும் மாறிப் போயிருக்காங்க. கறுப்பு அப்பா, பழுப்பு அம்மா. பழுப்பு அம்மாகிட்ட என்சைம் இருக்கு. அதனாலதான் குறி போகல.”

“யார் மாத்தினது?”

“எலிவீட்டு அண்ணன். மாத்தலாம்னு அவருக்குத் தோண வெச்சது நான். எந்தப் பக்கம் போட்டாலும் ஒண்ணுதான்னு வேற எலிக்குச் சொன்னேன். இதுக்கு அப்படி இல்லைன்னு சேர்த்துச் சொல்லல.”

புள்ளித் தம்பி சங்கடத்தோடு நெளிந்தான். “அக்கா, அது நீங்க நினைக்கிறது. எப்படி நிரூபிக்கிறது? கருவோட டி.என்.ஏ. ரெண்டு விதத்துலயும் ஒண்ணாத்தானே இருக்கும்?”

“எழுத்து ஒண்ணா இருக்கும். குறி ஒண்ணா இருக்காது.” அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். “கறுப்புக்கும் பழுப்புக்கும் டி.என்.ஏ.வுல அங்கங்க எழுத்து வித்தியாசம் இருக்கு. அதுக்காகத்தானே ரெண்டு ஜாதி எலியை எடுத்தோம்? நீங்க மொத்தமா கூட்டிப் பாதின்னு சொல்றீங்க. பிரிச்சுப் போடுங்க. நிரம்பின புள்ளியெல்லாம் யாரோட இழையில உக்காந்திருக்குன்னு பாருங்க. அம்மா இழையில மட்டும்தான் உக்காரும்னு நீங்களே இப்போ சொன்னீங்க.”

மேடம் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று அவனைக் கேட்டார்.

“பத்து நிமிஷம். பேப்பர் எழுதும்போது பண்ணலாம்னு வெச்சிருந்தேன்” என்றான் அவன், காது சிவக்க.

பதினைந்து நிமிடம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை. குழலக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கருக்களை மாற்றும்போது விடுவதுபோல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒவ்வொரு கருவும் இரண்டு வரிசையாகப் பிரிந்தது. மேலே கறுப்பின் இழை, கீழே பழுப்பின் இழை. முதலில் ஒப்பிட வைத்திருந்த சாதாரணத் தாய்களின் கருக்கள்: நிரம்பிய புள்ளிகள் எல்லாம் மேலே, கறுப்பில். சரி. பிறகு நாற்பத்தொன்று. நிரம்பிய புள்ளிகள் எல்லாம் கீழே, பழுப்பில். ஒன்றுகூடத் தப்பவில்லை.

புள்ளித் தம்பி ஒதுக்கிவைத்த ஐந்தையும் கொண்டுவந்தான். புள்ளிகள் மேலே, கறுப்பில் இருந்தன. ஆனால் சரிபாதி இடங்கள் வெறுமையாக இருந்தன. அம்மா கட்டிக் கொடுக்காத ஐந்து பேர்.

“இதுதான் ரிசல்ட்” என்றார் மேடம் மெதுவாக. “அஞ்சு பத்தாது. ஆனா இதுதான்.” பிறகு குழலக்காவைப் பார்த்தார். “அம்மா அப்பா மாறிப்போனதை இன்னிக்கு நீங்க எழுந்து சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்கும் மேடம். இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு, தம்பி பிரிச்சுப் பார்க்கும்போது. அப்போ எலி இருந்திருக்காது.”

மேடம் போனை எடுத்துப் பக்கத்து குரூப்பை அழைத்தார். நாளைக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. மறுமுனையில் ஏதோ நீளமாகப் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே கருக்களின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் புள்ளித் தம்பி அவளோடு சேர்ந்து நடந்தான். “அக்கா, கை தவறியிருக்கும்னு சொன்னதுக்கு…”

“கை தவறல. வாய்தான் தவறுச்சு” என்றாள் அவள். “வாயை வெச்சுத்தானே எனக்கு வேலையே. இனிமே ரெண்டையும் பார்த்துக்கறேன்.”

என்சைம் இல்லாத நான்கு பெண் எலிகளைப் பதினாறாக்க நான்கு மாதம் ஆனது. எலிவீட்டு அண்ணன் அதைச் சொந்த வீட்டு விசேஷம்போல நடத்தினார். பழைய அட்டைகளைக் கிழிப்பதை நிறுத்தி, ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைக்க ஆரம்பித்தார். குழலக்காவும் வாரம் ஒருமுறை தெருவைத் தாண்டிப் போய்த் தாய் எலிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தாள். இது வரை குப்பியாக மட்டுமே தெரிந்தவை.

புதுச் சுற்றின் முதல் குப்பி வந்த காலையில் அவள் வாயில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. அண்ணன் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். இப்போதெல்லாம் அவர் காலை வணக்கம் சொல்வதில்லை.

“அம்மா கறுப்பு” என்றார்.

அவள் உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“அப்பா பழுப்பு. ரொம்ப அடக்கமான பையன். கூண்டைத் திறந்ததும் என் தலைமேல ஏறி உக்காந்துக்கிட்டு…”

இரண்டாவது விரலும் உயர்ந்தது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். அவள் கடைசிக் கருவைத் துளியில் இறக்கிவிட்டு, குழாயை எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தாள். புதுக் குப்பியைத் திறந்து எண்ணினாள். நோட்டில் இருபத்து மூன்று என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் புதிதாகக் கோடு போட்டிருந்த பத்தியில் ‘அம்மா: கறுப்பு, நானே பார்த்தேன்’ என்று எழுதினாள்.